பிடி அரிசியும் சம்பளக் கவரும்

திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் எழுதிக் கேட்டிருக்கிறாள். தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை, சம்பளம் 19,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வருவது 16,500 சொச்சம். கணவருக்குக் கப்பலூர் சிட்கோவில் லேத் வேலை, ஆர்டரைப் பொறுத்துக் கூலி ஏறும், இறங்கும். ஒரு நகைக்கடன், ஒரு மகளிர் குழுக் கடன். அம்மா உசிலம்பட்டிப் பக்கம் தனியாக இருக்கிறார், சர்க்கரை வியாதி, மருந்துக்கு மாதம் 2,000 அனுப்ப வேண்டும். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, கட்டாயமா? மொத்தச் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமா, கைக்கு வருவதிலா? அம்மாவுக்கு அனுப்புவதைக் காணிக்கையில் சேர்க்கலாமா? உபவாசக் கூட்டத்தில் பிரசங்கம் பண்ணின ஒரு ஊழியர் "ஐயாயிரம் விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்றார், செய்யலாமா? ஆலயக் கட்டட நிதிக்கு 10,000 தருவதாக எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, அதற்கு என்ன செய்வது? இத்தனையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "கொடுக்காவிட்டால் சாபம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி.

மகளே, என் பெண் வயதுதான் உனக்கும் இருக்கும், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தேன், சேகர கமிட்டியிலும் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ணுகிற மேசையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டும் வரும், கவரில் போட்ட இரண்டாயிரமும் வரும். பயந்து கொடுத்தது எது, சந்தோஷமாகக் கொடுத்தது எது என்று அந்த மேசையில் யாருக்கும் தெரியாது. கொடுத்தவருக்குத் தெரியும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதினது இதைத்தான்: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்." சாபத்துக்குப் பயந்து கொடுப்பது இந்த வசனத்துக்குள் எங்கேயும் இடம் பிடிக்காது.

நானும் ஒரு தடவை பயந்து கொடுத்திருக்கிறேன். என் கணவர் படுத்த படுக்கையாக இருந்த சமயம். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "தேவனுக்குரியதை எங்கேயோ வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் இந்த வியாதி" என்றார். காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். என் கணவர் எழுந்து நடந்தார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அதற்கப்புறம் பல மாதம் ஜெபிக்க முழங்காலிட்டால், விலை கொடுத்துவிட்டுப் பொருளுக்கு வந்து நிற்பவள் மாதிரி இருந்தது. அப்பாவிடம் பிள்ளை பேசுகிற பேச்சு வாயில் வரவில்லை. தோடு போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். உனக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொடுப்பதை நான் கற்றுக்கொண்டது எந்தப் பிரசங்கத்திலும் இல்லை, எங்கள் அம்மாவின் அடுப்படியில். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். அம்மா உழக்கால் அரிசியை அளந்து சொளகில் கொட்டி, கல் பொறுக்கி, உலையில் போடுமுன் ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவார். போடும்போது உதடு லேசாக அசையும், அவ்வளவுதான் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் கோயிலுக்குப் போகும். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டப்பட்டு, அளந்து விற்கப்பட்டு, உபதேசியார் சம்பளத்துக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று நம் பெரியவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் முகம் மலரும்.

மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்று கேட்டாயே, அதற்கான பதில் அந்தக் கலயத்தில் இருக்கிறது. சோறு வடித்து எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதில் அம்மா எடுக்கவில்லை, உலையில் போடுமுன் எடுத்தார். வீட்டில் இருந்ததிலிருந்து எடுத்தார், இல்லாததிலிருந்து எடுக்கவில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம் வீட்டில் கேப்பைக் கூழ்தான், கலயத்திலும் கேப்பைதான் விழுந்தது. அரிசி குறைவாக இருந்த நாளில் கையை இறுக்கி மூடுவார், இறுக்கி மூடின கையில் கொஞ்சம்தான் நிற்கும். அதுவும் ஒரு பிடிதான். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று பவுல் எழுதியிருப்பதை அம்மா வாசித்தாரோ என்னவோ, செய்தார்.

ஆகவே கைக்கு வருகிற 16,500-ஐ வைத்துக் கணக்குப் போடு. பி.எஃப். உன் பணம்தான், ஆனால் இன்னும் உன் கையில் இல்லை. ஒருநாள் மொத்தமாக வரும்போது அதில் நன்றிக் காணிக்கை எடுத்துக்கொள்ளலாம். இதில் ஐம்பது ரூபாய் கூடக்குறையப் போனதற்குப் பரலோகத்தில் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

தசமபாகம் கட்டாயமா? வேதத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். ஆபிரகாம் ஆசாரியரான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார், அது மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்துக்கு முன்பு, அவராகவே கொடுத்தது. பிறகு இஸ்ரவேலில் சட்டமானது. தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடு மாடு, அதாவது நிலத்திலிருந்து வருகிறவற்றில் பத்தில் ஒன்று, ஆலய வேலைக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் கோத்திரத்துக்கு. ஏன்? பன்னிரண்டு கோத்திரத்துக்கும் நிலம் பிரித்தபோது லேவியருக்குப் பங்கு இல்லை. நிலம் இல்லாதவனுக்கு நிலம் உள்ளவன் விளைச்சலில் தருகிற பங்கு அது. அந்த லேவியரும் வாங்கினதில் பத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி, நிறையப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. தசமபாகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்கிறது. மூன்றாம் வருஷ தசமபாகத்தை உன் ஊர் வாசலிலேயே வை, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடட்டும் என்கிறது. நம் கோயில்களில் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலும் கொண்டுவந்து ஏலம் விட்டு, அசனத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உபாகமம் 14 ஞாபகம் வரும்.

புதிய ஏற்பாட்டில் யூதரல்லாத புறஜாதியாரிலிருந்து வந்தவர்களுக்கு என்னென்ன பாரம் சுமத்தலாம் என்று எருசலேமில் கூடிப் பேசி நிருபம் அனுப்பினார்கள், அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் தசமபாகம் இல்லை. இயேசு பரிசேயரிடம், ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார். அதையும் செய்யுங்கள், இதையும் விடாதிருங்கள் என்பதுதான் அங்கே அவர் சொன்னது. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால், பத்தில் ஒன்று நல்ல அளவு, பழைய அளவு, கை தவறாமல் இருக்க உதவுகிற அளவு என்று நான் நம்புகிறேன். கட்டத் தவறினால் அபராதம் போடுகிற வரி அல்ல. மாதம் ஒன்றரை லட்சம் வாங்குகிறவர் பதினைந்தாயிரத்தைப் பையில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைத்தால் அவருக்குப் பத்து சதவீதம் மிகவும் குறைவு. உனக்கு இன்றைக்கு அது அதிகமாக இருக்கலாம். இரண்டையும் நான் கூச்சமில்லாமல் சொல்வேன்.

இதற்குக் காரணம், நாம் கொடுப்பது நம்முடையதே அல்ல. தாவீது ஆலயத்துக்குப் பொன்னும் வெள்ளியும் குவித்துவிட்டு, "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்றார். நம் பழைய வேதாகமத்தில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் வருகிறது. வீட்டு எஜமானுடைய பண்டசாலைச் சாவியை வைத்திருப்பவன். அரிசி அவனுடையது இல்லை, யார் யாருக்கு எவ்வளவு அளக்க வேண்டும் என்பது அவன் பொறுப்பு. 16,500-இல் 1,650 ஆண்டவருக்கு, மீதி 14,850 எனக்கு என்று நினைப்பவன் உக்கிராணக்காரன் இல்லை, குத்தகைக்காரன். முழுப் 16,500-க்கும் நீ கணக்கு வைத்திருக்கிறாய். அதில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது, வட்டி இருக்கிறது, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, காணிக்கையும் இருக்கிறது. எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு முன்னால் அளக்கிறாய்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மாற்கு 7-இல் இயேசு கோபமாகப் பேசுகிற ஒரு இடம் உண்டு. தகப்பனுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது, என்று சொல்லிக் கையை விரித்தார்கள். மதத்தலைவர்களும் அது சரி என்றார்கள். தேவனுடைய கற்பனையை உங்கள் பாரம்பரியத்தால் அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அம்மாவின் மருந்தை நிறுத்திவிட்டுக் காணிக்கை போட்டால் அந்தக் காணிக்கையை ஆண்டவர் கேட்கவில்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அதே சமயம் அந்த 2,000-ஐக் காணிக்கைக் கணக்கில் எழுதாதே. இதை உன் அம்மாவுக்காகச் சொல்கிறேன். பெற்றவளுக்குச் செய்வது தர்மம் ஆகிவிட்டால், அனுப்புகிற கை கொஞ்சம் மேலே போய்விடும், வாங்குகிறவர் கொஞ்சம் கீழே போய்விடுவார். அம்மாவுக்குக் கொடுப்பது கடமை, முதலில் அதை எடுத்து வை. அதற்கு வெளியே, பெயர் தெரியாத யாருக்கோ, திருப்பித் தர முடியாத யாருக்கோ போகிற ஒரு பிடியும் இருக்கட்டும், அது சின்னதாக இருந்தாலும்.

கடன். நகையை மறுபடி அடகு வைத்துக் காணிக்கை கொடுக்காதே, யார் சொன்னாலும். குழுக் கடனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உன் தவணை தவறினால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கையில் இருந்து போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். அவர்களில் பூக்கட்டி விற்கிறவளும் இருப்பாள், கட்டட வேலைக்குப் போகிறவளும் இருப்பாள். அவர்கள் காசில் நீ ஆண்டவருக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். தவணையை நேரத்துக்குக் கட்டுவதும் சாட்சிதான்.

இப்போது அந்த ஐயாயிரம். "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்பது வேதவசனம்தான், 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரம். ஆனால் பவுல் அங்கே எதற்குப் பணம் சேர்க்கிறார்? எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்கு. தனக்கு அல்ல, தன் கூட்டச் செலவுக்கும் அல்ல. மக்கெதோனியா சபையார் தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டு, பார்த்தே இராத ஊர் ஏழைகளுக்காகக் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் விழுந்த விதை அது. அறுவடை என்ன என்றும் அதே அதிகாரம் சொல்கிறது: சகலவித நற்கிரியைகளிலும் பெருகுவது, இன்னும் கொடுக்க முடிவது, வாங்கினவர்கள் தேவனுக்கு நன்றி சொல்வது. நூறு மடங்கு என்பது மாற்கு 10-இல் வருகிறது, அங்கே "துன்பங்களோடேகூட" என்று ஒரு சொல் ஒட்டியிருக்கிறது. அந்தச் சொல்லை மேடையில் வாசிக்க மறந்துவிடுகிறார்கள். ஐந்து போட்டால் ஐந்நூறு என்பது சீட்டுக் கம்பெனிப் பேச்சு. நம் மதுரை ஜில்லாவில் அந்தப் பேச்சை நம்பித் தாலியை இழந்த குடும்பங்கள் எத்தனை!

இப்படிப்பட்ட கூட்டங்களில் ஏழை விதவையின் இரண்டு காசும் கண்டிப்பாக வரும். மாற்கு 12-இல் அந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது பார். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார் இயேசு. அதைச் சொன்ன கையோடு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டுப் போகிற விதவையைச் சீஷர்களுக்குக் காட்டுகிறார். அவள் அன்பை அவர் மதித்தார். அவளுடைய கடைசிக் காசை வாங்கிக்கொண்ட ஆலயத்தை அவர் புகழவில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் அவளை மட்டும் எடுத்து ஏழைப் பெண்கள் முன்னால் நிறுத்துவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

சாபம் என்று நீ பயப்படுவது மல்கியா 3, தசமபாகத்தில் வஞ்சித்தவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்கிற அதிகாரம். "வானத்தின் பலகணிகளைத் திறந்து" என்கிற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று அது தொடங்குவதைக் கவனி, பசிக்கிறவர்களுக்கான பண்டகசாலை அது. நெகேமியா 13-இல் அதன் நிலை தெரிகிறது: லேவியருக்குப் பங்கு கொடுபடாததால் அவர்கள் ஊழியத்தை விட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா தசமபாகத்தைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார், உடனே பண்டகசாலைக்கு உண்மையுள்ளவர்கள் என்று பேரெடுத்த ஆட்களைக் காரியக்காரராக வைத்தார். மல்கியாவின் அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக நிற்கிறார். லேத் பட்டறைக் கூலியையும் நர்ஸ் சம்பளத்தையும் இழுத்தடிக்கிறவர்கள் பயப்பட வேண்டிய அதிகாரம் அது.

இத்தனை சொன்ன பிறகும், சபைக்குக் கொடு என்றுதான் சொல்வேன். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தது ராஜா பணம் அல்ல, அமெரிக்காவில் இருந்த சபைகளின் காணிக்கை. மதுரை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் கொடுத்த காசு. பசுமலையில் 1881-இல் தொடங்கி நகருக்குள் வந்த அமெரிக்கன் கல்லூரியும், 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கின லேடி டோக் கல்லூரியும் அந்த வழியில் வந்தவை. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் போன்றவர்கள் முன்நின்று 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பணத்தில் நம் ஆட்கள் போக வேண்டும் என்பதே நோக்கம். பிடி அரிசி போட்ட தாய்மார்களின் காலம் அது. அப்படிக் கொடுத்தவர்களால்தான் என் அம்மா எழுத்துக் கற்றார், நான் டீச்சர் ஆனேன். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. உனக்கும் ஏதோ ஒரு வழியில் இருக்கும்.

ஆனால் கணக்குக் கேள். சபைப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து போய்விடாதே. கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. எருசலேமுக்கான பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் அனுப்பினார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடி கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று எழுதினார். நாங்கள் எண்ணும்போது எப்போதும் குறைந்தது இரண்டு பேர், எண்ணின தொகையை அங்கேயே எழுதிக் கையெழுத்து. ஒரே ஒருவர் எண்ணி ஒரே ஒருவர் வைத்திருக்கிற இடத்தில் கொடுக்காதே.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கணவரோடு உட்கார்ந்து பேசு, அவருக்குத் தெரியாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். சம்பளம் வந்த அன்றே அம்மாவின் 2,000, இரண்டு கடன் தவணை, பிறகு ஒரு கவரில் 500, மற்றச் செலவுக்கெல்லாம் முன்னால். அதில் 300 சபைக்கு. 200 உன் கண்ணெதிரே இருக்கிற தேவைக்கு, உன் வார்டில் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற பாட்டி மாதிரி. பெயர் சொல்லாமல் கொடு. கணவருக்கு நல்ல ஆர்டர் வந்த மாதம் கவரைப் பெரிதாக்கு, பட்டறை படுத்த மாதம் என் அம்மா மாதிரி கையை இறுக்கி மூடு, ஆனால் கவரை வெறுமையாக விடாதே. நகையை மீட்டதும் 500-ஐ 1,000 ஆக்கலாம், குழுக் கடன் முடிந்ததும் பத்தில் ஒன்றுக்கே வந்துவிடுவாய். அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரை வெயிலில் ஊரெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்களே, நம் மதுரைக்காரருக்குக் கொடுப்பது சொல்லிக்கொடுக்க வேண்டிய பழக்கம் இல்லை. பயத்தை எடுத்துவிட்டால் கை தானாக நீளும்.

கட்டட நிதிக்கு எழுதின 10,000 பொருத்தனை, அதாவது ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டது, அதை மறந்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லேவியராகமம் 27-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனத்தைப் பார். பொருத்தனை பண்ணினவன் மதிப்பின்படி செலுத்த முடியாத தரித்திரனாயிருந்தால் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும், அவனுடைய திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும். நியாயப்பிரமாணமே உனக்கு வழி வைத்திருக்கிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரைத் தனியாகப் பார்த்து, "ஐயா, எழுதினேன், இப்போது முடியவில்லை, நகையை மீட்ட பிறகு மாதம் 200 தருகிறேன், முடிந்தவரை தருகிறேன்" என்று சொல். நல்ல ஆயராக இருந்தால் அங்கேயே உனக்காக ஜெபித்து அனுப்புவார். கொடுக்கத் தொடங்கினதும் ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்கிக்கொள்.